ஆட்டுக்கொட்டிலில் ஒரு மின்சாரக் கார்

புதன்கிழமை மாலை, அட்பாஷி மலைகளின் மேல் கதிர் சாயும் பொழுதில், பெய்ஷெனின் வெண்ணிறக் கார் ஓசையின்றிச் சார்-புலாக் ஊருக்குள் நுழைந்தது. வாங்கி ஒன்பது மாதமாகியும் ஓசையில்லா வண்டியை ஊர் நாய்கள் மன்னித்தபாடில்லை. அது தம்மைக் கடந்து போன பின்னரே திடுக்கிட்டெழுந்து, ஏமாற்றப்பட்டவர்போல் நெடுநேரம் குரைக்கும்.

முன்னிருக்கையில் சாய்ரா இரண்டு சால்வைக்குள் ஒடுங்கியிருந்தாள். காலடியில் மருத்துவமனையில் நிரப்பிய வெந்நீர்ப் புட்டி. அது கணவாய் ஏறுவதற்குள்ளேயே ஆறிப்போயிருந்தது. காருக்குள் வெப்பக்காற்று உண்டு. முடுக்கினால் மின்கலத்தில் கால்பங்கை அது தின்றுவிடும். ஆகவே கணவனும் மனைவியும் தம் மூச்சு வெண்புகையாய்க் கண்ணாடியில் படிவதைத் துடைத்துத் துடைத்தே நாற்பத்தைந்து கிலோமீட்டரும் வந்தார்கள்.

வண்டி நின்றதும் அதன் திரையிலிருந்து சீனத்துப் பெண்குரல் ஒன்று இனிமையாக ஏதோ உரைத்தது.

"என்ன சொல்றா உன் சின்ன பொண்டாட்டி?" என்றாள் சாய்ரா.

"மூத்தவளை மெதுவா இறக்கிவிடுன்னு சொல்றா."

"பரவாயில்லையே. பொறாமை இல்லாதவளாத்தான் பார்த்துப் புடிச்சிருக்கே."

அவள் சிறுநீரகங்கள் ஓய்ந்து இரண்டாண்டு. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் நாரின் நகருக்குப் போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்து, குருதியைக் கழுவிக்கொண்டு திரும்ப வேண்டும். வாடகைக் கார்க்காரர்கள் பனி விழுந்தால் வரமாட்டார்கள். பெட்ரோல் வண்டிக்கு அத்தனை நடை கட்டாது. பெய்ஷென் குதிரை பழக்குபவன். ஊர்த் திருவிழாக்களில் ஓடிய புரவிகளில் பாதி அவன் கையில் வளர்ந்தவை. அவற்றை விற்றுத்தான், மைத்துனன் கனாத் சீனத்துக் காஷ்கரிலிருந்து தோருகார்ட் எல்லை வழியே கொண்டுவந்த இந்தக் காரை வாங்கினான். வந்த அன்று ஓர் ஆட்டை அறுத்து நான்கு சக்கரத்திலும் குருதி தொட்டுவைத்தார்கள். இறைவன் பெயரை ஓதி ஊரே முகத்தில் கை தடவிக்கொண்டது.

சாய்ராவை உள்ளே விட்டுவந்து, காரைக் கொட்டிலுக்குள் செலுத்தினான். முப்பத்திரண்டு ஆடுகள் விலகி வழிவிட்டன. திரையில் மின்கலம் முப்பத்து மூன்று விழுக்காடு என்றது. நாரின் போய்வர அறுபது வேண்டும். நகரில் இருந்த ஒரே மின்னேற்று நிலையத்தைக் குளிர்கால மின்பற்றாக்குறையால் வசந்தம் வரை பூட்டிவிட்டார்கள். எனவே ஏற வேண்டியதெல்லாம் வீட்டுக் கொட்டிலில்தான் ஏற வேண்டும்.

முகப்பின்மேல் தடித்த கம்பளத்தைப் போர்த்திவிட்டு, பக்கவாட்டை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிக்கொடுத்தான். மின்கம்பியைச் சொருகவில்லை. அது அவன் வழக்கம். நெடுவழி ஓடி வியர்த்து வந்த குதிரைக்கு உடனே புல்லும் நீரும் காட்டுவது கொலைக்கு ஒப்பு. கட்டி நிறுத்தி, உடற்சூடு முழுதும் ஆறிய பின்னரே தீனி. அதற்கு அந்நாட்டார் 'விடியல் கடத்துதல்' என்று பெயர் வைத்திருந்தனர். நாற்பதாண்டு அவ்வாறு செய்தவனுக்கு, ஓடி வந்த உயிர் எது, ஓடி வந்த இரும்பு எது என்று கை பிரித்தறியவில்லை. போதாக்குறைக்கு, பத்து நாளுக்கு முன், தெரு மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பங்காளி ஜூமாலியும் வந்து, நள்ளிரவுக்குமேல் விடியும்வரைதான் காருக்கு மின்சாரம் என்று விதித்துவிட்டுப் போயிருந்தான். மாலையில் பன்னிரண்டு வீடும் மின்னடுப்பு மூட்டும் நேரத்தில் காரும் சேர்ந்தால் தெருவின் மின்மாற்றி தாங்காது என்பது அவன் அச்சம். தன் வழக்கமும் தெருவின் சட்டமும் ஒத்துப்போனதில் பெய்ஷெனுக்கு உள்ளூர நிறைவே.

அன்றிரவு குளிர் உறைநிலைக்குக் கீழே முப்பத்திரண்டைத் தொட்டது.

வியாழன் காலை கொட்டிலுக்குப் போனவன் திரையைப் பார்த்தபடியே நின்றான். முப்பத்து ஐந்து. ஆறு மணி நேரம் கம்பியைக் கவ்விக்கொண்டிருந்து, இரண்டே இரண்டு விழுக்காடு விழுங்கியிருந்தது. சீனத்தி நீளமாக ஏதோ சொன்னாள். மஞ்சள் நிறத்தில் ஆமை போன்ற ஒரு சின்னம் எரிந்தது.

கனாத்தைத் தொலைபேசியில் அழைத்தான்.

"ஜெஸ்தே," என்றான் கனாத். அக்காள் கணவனை அவர்கள் அழைக்கும் சொல் அது. "எத்தனை மணிக்குச் சொருகினீங்க?"

"பன்னெண்டரைக்கு. தெருவுல வெச்ச சட்டப்படிதான்."

"வீட்டுக்கு வந்தது?"

"நாலு மணிக்கு."

"அப்ப எட்டு மணி நேரம் சும்மா நிறுத்தி வெச்சிருக்கீங்க. இந்தக் குளிர்ல."

"சும்மாவாடா? கணவாய் ஏறி எறங்கி வந்திருக்கு. சூடா இருக்கும்போதே தீனி காட்டினா கால் வீங்கி நொண்டிப் போயிடாது? ஆறட்டும்னு விட்டேன்."

கனாத் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றும் ஒலி கேட்டது.

"ஜெஸ்தே, நாம இப்ப குதிரையைப் பத்திப் பேசறமா, காரைப் பத்தியா?"

"எதுவா இருந்தா என்ன? ஓடி வந்தது ஓடி வந்ததுதானே?"

"ஐயோ, இது நேர் மாறு! ஓடி வந்த சூட்டோடயே சொருகினாத்தான் இது வாங்கும். ஆறி விறைச்சுப் போனா வாயைத் தொறக்காது. குடுக்கற கரண்ட் பூரா அதுக்குக் குளிர் காயறதுக்கே போயிடும். டிசம்பர்ல குளிர் கம்மி, அதனால தப்பிச்சீங்க. ஆமா, கம்பளம் எதுக்குப் போர்த்தறீங்க? போட்டோவுல பார்த்தேன்."

"எஞ்சின் குளிராம இருக்க."

"அங்க எஞ்சினே கெடையாது! பேட்டரி வயித்துக்கு அடியில இருக்கு. நீங்க தலைக்குக் குல்லா போட்டுட்டு வயித்தை அம்மணமா விட்டிருக்கீங்க."

பெய்ஷெனுக்குக் காது மடல் சுட்டது. "இப்ப என்னடா செய்யணும்?"

"எப்படியாவது கொட்டிலைச் சூடாக்குங்க. நெருப்பு கிருப்பு வெச்சிடாதீங்க. அப்புறம் சொருகி, நாளைக்குக் காலை வரைக்கும் எடுக்காதீங்க. சாயங்காலமும் எடுக்காதீங்க. நடுவுல எடுத்தா மறுபடி விறைச்சுக்கும். எஜே எப்படி இருக்கா?" அக்காளைத்தான் கேட்டான்.

"இருக்கா," என்றான் பெய்ஷென்.

உள்ளே சாய்ரா தரைவிரிப்பில் அமர்ந்து நூடுல்ஸுக்கு மாவு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உப்பிட்ட பால் தேநீர் ஒரு கிண்ணத்தில் ஆறிக்கிடந்தது. ஒரு நாளைக்கு இரண்டு கிண்ணத்துக்கு மேல் நீர் எதுவும் அவளுக்கு ஆகாது. தேநீரே மூச்சாக வாழும் நாட்டில் அவள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, மற்றவர்க்கு ஊற்றிக்கொடுத்துப் பழகியிருந்தாள்.

"கேட்டுச்சு," என்றாள், கத்தியை நிறுத்தாமல். "நீ போன்ல பேசினா மலைக்கு அந்தாண்ட சீனாக்காரனுக்கே கேட்கும். குதிரைன்னு நெனச்சியாக்கும்?"

"சிரி. நல்லாச் சிரி."

"சிரிக்கல. நாப்பது வருஷம் தெரிஞ்ச ஒண்ணை ஒரே நாள்ல தப்புன்னுட்டான் பாரு, அதுக்குத்தான் சங்கடமா இருக்கு." கத்தி சற்று நேரம் ஓடியது. "அபிஷ்கா, நாளைக்கு வேணாம்."

அபிஷ்கா என்றால் கிழவன். மணமான முதலாண்டிலிருந்தே அவள் அப்படித்தான் அழைத்தாள். அவனும் அவளைக் கெம்பிர், கிழவி, என்பான்.

"எது வேணாம்?"

"நாரின். திங்கக்கிழமை பார்த்துக்கலாம்."

பெய்ஷென் உட்கார்ந்தான். நவம்பரில் பனிச்சரிவால் ஒரே ஒரு முறை தவறியது. மூன்றாம் நாள் அவளால் படுக்க முடியவில்லை. கால்கள் ஊதி, நெஞ்சில் நீர் ஏறி, சுவரில் சாய்ந்தவாறே காற்றைக் கையால் பிடித்திழுப்பவள்போல் மூச்சுக்குத் தவித்தாள். அந்த ஒலியை அவன் மறக்கவில்லை.

"எந்தத் திங்கக்கிழமை, கெம்பிர்?"

அவள் மாவிழைகளை உதறிப் பிரித்துப் பரப்பினாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் தணிந்த குரலில் பேசினாள்.

"நீ ஒரு நாளாவது கேட்டிருக்கியா, நான் போகணுமா வேணாமான்னு? மூணு நாள் நான் குழாயில கெடக்கேன். மத்த நாள் அது கெடக்கு. ஒண்ணு மாத்தி ஒண்ணு. ரெண்டு வருஷமா கோடைக்கு மேய்ச்சல் மலைக்கு நீ போகல. குதிரை போச்சு. நாப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு அப்பால ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ நீ போக முடியல. உன்னைக் கட்டிப் போட்டுட்டேன்."

"நீ என்னைக் கட்டிப் போட்டு முப்பது வருஷமாச்சு. இப்பத்தான் தெரியுதா?"

"வெளையாடாதே. எனக்கு அலுத்துப் போச்சு. அவ்வளவுதான். அழுகை வரல, பயம் வரல. அலுப்புதான். நாளைக்குப் போகலைன்னா யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு."

அவன் எழுந்தான். நண்பகல் தொழுகைக்கு நின்றவன், ஓதி முடித்தும் விரிப்பிலிருந்து எழாமல் வெகுநேரம் இருந்தான். குதிரைக்காகவும் மழைக்காகவும் கேட்டுப் பழகிய நாவுக்கு, ஒரு பெண்ணுக்கு வாழ்வில் விருப்பம் தா என்று எப்படிக் கேட்பதென்று சொல் அகப்படவில்லை. அடைபட்ட கொட்டிலில் சுவரோரம் திரும்பித் திரும்பி நடக்கும் விலங்குபோல் அவன் நெஞ்சம் அதே நாலு சொல்லில் சுற்றியது: நாளைக்கு ஒரு நாள், இறைவா. பிறகு குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டு ஜூமாலி வீட்டுக்குப் போனான்.

ஜூமாலி அவன் சிற்றப்பன் மகன். மின்மாற்றிப் பெட்டியின் சாவி அவனிடம்தான். அவன் மனைவி பாத்மா அடுப்படியில் குதிரைக்கொழுப்பு வேகும் பானைமுன் நின்றாள். கணவனின் மூத்தோர்முன் நிற்கும் முறைப்படி முகத்தைச் சற்றே ஒருக்களித்திருந்தாள்.

"வாங்க பைக்கே, ரொட்டி பிச்சுக்கோங்க," என்றான் ஜூமாலி. பைக்கே என்பது பெய்ஷென் என்ற பெயரின் மரியாதைச் சுருக்கம்.

பெய்ஷென் ஒரு துண்டைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, வந்ததைச் சொன்னான். இன்று மதியம் தொடங்கி நாளைக் காலைவரை எடுக்காமல் மின்சாரம் வேண்டும். இனிமேல் திங்கள், புதன், வெள்ளியும் ஊர் திரும்பியவுடனே சொருக வேண்டும்.

ஜூமாலியின் முகம் இறுகியது. "சாயங்காலமா? பைக்கே, நான் உங்ககிட்ட எதுக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"இதை மட்டும் கேட்காதீங்க. போன வருஷம் டிரான்ஸ்பார்மர் வெடிச்சப்ப ரெண்டு நாள் கெடந்தமே. அப்ப கார் கூட இல்ல. என் பேரனை ரெண்டு ஆட்டுத்தோலுக்குள்ள சுத்தி வெச்சும் மார்ல சளி கட்டிக்கிச்சு. பொழைச்சது மறுபொழப்பு. மறுபடி வெடிச்சா புதுசு எப்ப வரும்னு எவன் சொல்லுவான்? எஜேக்குத்தான்னு தெரியும். ஆனா பதினோரு வீட்டுல பச்சைப்புள்ளைங்க இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டா. கேட்காம இருக்க முடியல, கேட்டுட்டேன். அவ நாளைக்கு வரலைங்கறா. நாளைக்கு விட்டா, அதுக்கப்புறமும் வரமாட்டா. எனக்குத் தெரியும்."

இருவரும் தரைவிரிப்பின் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூமாலி சொன்னதில் பிழை இல்லை. அதுவே பெய்ஷெனுக்குப் பெருந்துன்பமாக இருந்தது. பிழை இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பாத்மா கரண்டியைப் பானைவிளிம்பில் தட்டினாள்.

"கைனாகா," என்றாள், மூத்தாரை அழைக்கும் மரியாதையோடு, சுவரைப் பார்த்தபடி. "கார் எவ்வளவு இழுக்கும்? நம்ம கரண்ட் அடுப்பு ரெண்டு இழுக்கற அளவா?"

"அவ்வளவுதான் இருக்கும்."

"அப்ப ஏன் ரெண்டு ஆம்பளைங்களும் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? கார் இழுக்கற நேரத்துல நாங்க கரண்ட் அடுப்பை மூட்டல. சாணி அடுப்பை மூட்டறோம். கரண்ட் அடுப்பு வந்து ஆறு வருஷந்தானே ஆச்சு? அதுக்கு முன்னாடி நாம வெறைச்சா செத்தோம்?"

"நீ மூட்டுவே," என்றான் ஜூமாலி. "பதினோரு வீடும் மூட்டுமா? சாம்பல் அள்ளணும், வரட்டி சொமக்கணும், புகையில கண்ணு எரியும். அந்தக் கோடிவீட்டு மருமக லிப்ஸ்டிக்கோட அடுப்பு ஊதுவாளா?"

"ஊதுவா. அவ பிரசவத்துல ராத்திரி பூரா முதுகு நீவிவிட்டது யாரு? சாய்ரா எஜே. நான் கேட்டுக்கறேன். நீ சாவியைப் பத்திரமா வெச்சுக்கிட்டு சும்மா இரு." அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வாசற்படியில் நின்று, முதன்முறையாகப் பெய்ஷெனை நேராகப் பார்த்தாள். "எஜேகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா இன்னும் வரமாட்டா."

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தவள் இரண்டு செய்தி கொண்டுவந்தாள். எல்லா வீடும் ஒப்புக்கொண்டது. கோடிவீட்டு மருமகள் மட்டும், தனக்கு வரட்டி அடுக்கத் தெரியாது, யாராவது வந்து காட்ட வேண்டும் என்றாளாம்.

கொட்டிலைச் சூடாக்கும் வழியைப் பெய்ஷென் தானே கண்டான். விலங்கின் வெம்மையன்றி அவனுக்குத் தெரிந்த வெம்மை வேறில்லை. ஜூமாலியின் ஆடுகளையும், அடுத்த இரண்டு வீட்டு ஆடுகளையும் ஓட்டிவந்து, தன் ஆடுகளோடு சேர்த்து அடைத்தான். நூற்று நாற்பது ஆடுகள் காரைச் சுற்றி, கம்பளிக் கடல் ஒன்று வெள்ளைப் பாறையைச் சூழ்ந்ததுபோல் நெருங்கி நின்றன. சில குட்டிகள் வண்டிக்கு அடியிலேயே புகுந்து படுத்துக்கொண்டன. முகப்பிலிருந்த கம்பளத்தை உருவி, கதவிடுக்கில் திணித்தான். இரண்டு மணி நேரத்தில் உத்திரத்துப் பனி சொட்டத் தொடங்கியது. மூச்சும் புழுக்கையும் கலந்த வெப்பம் கண்ணைக் கரித்தது. கம்பியைச் சொருகினான். ஆமை சற்று நேரம் எரிந்தது, பிறகு அணைந்தது.

வாசலில் நின்ற சாய்ரா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது? சின்னவளுக்குச் சீர் வந்திருக்கா?"

"குளிர் காயறா."

"எனக்கு நீ ஒரு புட்டி வெந்நீர்தான் குடுத்தே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளி விடியலில் திரையில் அறுபத்தாறு. பெய்ஷென் உள்ளே போய் அவளுடைய கம்பளிக் காலணியை எடுத்து அவள்முன் வைத்தான். அவள் காலணியை நெடுநேரம் பார்த்தாள்.

"நூத்தி நாப்பது ஆட்டோட ராத்திரி பூரா மூச்சை வாங்கிட்டு, நான் வரலைன்னா நல்லா இருக்காது," என்று முனகிக்கொண்டே காலை நுழைத்தாள். காருக்குள் ஏறியதும் மூக்கைப் பொத்தினாள். "டாக்டர் இன்னைக்கு என்னைக் கிட்டவே சேர்க்கமாட்டார்."

நான்கு மணி நேரம் அவன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மணிமாலை உருட்டிக்கொண்டிருந்தான். வெளியே வந்தவள் வழக்கம்போல் வெளிறியிருந்தாள், கைத்தழும்பில் புதுக்கட்டு. அவள் இன்று வந்தது தனக்காகவா, ஆடுகளுக்காகவா, திங்களன்று எதற்காக வருவாள் என்றெல்லாம் எண்ணியபடி ஓட்டினான். திரையில் எண் ஒவ்வொன்றாய்த் தேய்ந்தது. முப்பத்தைந்து. இருபத்தைந்து. கணவாய் உச்சியில் பதினான்கு.

"நிறுத்து," என்றாள் சாய்ரா.

"மூச்சு முட்டுதா?"

"இல்ல. நிறுத்து."

கீழே பள்ளத்தாக்கு முழுதும் பனியில் வெளுத்துக் கிடந்தது. காற்றே இல்லை. கதிர் மறையும் அந்தப் பொழுதில், பிற தெருக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் புகை தெரிய, அவர்கள் தெருவில் மட்டும் கூரைதோறும் சாம்பல்நிறப் புகை, கோல் நட்டதுபோல் நேராக எழுந்து நின்றது. அவள் கண்ணாடியில் படிந்த மூச்சைத் துடைத்துவிட்டு, விரலால் எண்ணினாள்.

"நம்ம தெருவுல எதுக்கு இத்தனை புகை? கரண்ட் போயிடுச்சா?"

பெய்ஷென் பொய் தேடினான். கிடைக்கவில்லை. "போகல. நாம போய்ச் சேர்ந்ததும் காரைச் சொருகணும்ல. அதுக்காக அடுப்பு மாத்தியிருக்காங்க."

"இன்னைக்கு மட்டுமா?"

"வாரத்துல மூணு நாள்."

அவள் கை கண்ணாடியிலேயே நின்றது. பதினோரு வீட்டிலும் யார் குனிந்து ஊதுகிறார்கள், யார் கண்ணைக் கசக்குகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு இங்கிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

"பாத்மா வேலைதானே?"

"ஆமா."

"அவ நாசமாப் போக," என்றாள். "நான் ஒருத்தி அந்த நாற்காலியில கட்டுண்டு கெடந்தது போதாதா? ஒரு தெருவையே இழுத்துக் கட்டிட்டாளே. இனி எப்படி முடியும்? இத்தனை பேரு குனிஞ்சு அடுப்பு ஊதினா, இனிமே ஒருத்தி நிம்மதியாச் சாகக்கூட முடியாது போலிருக்கே, அபிஷ்கா."

அவள் சால்வை முனையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மீண்டும் கண்ணாடியில் குனிந்து, கூரைகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்; நடுவில் நின்றாள்.

"பன்னெண்டுல ஒரு வீட்டுல புகையக் காணோம்."

"எது?"

"நம்ம வீடு," என்றாள் சாய்ரா. "எடு வண்டியை. போய் அடுப்பு மூட்டணும்."